பத்துப் பேர் உள்ள கிளை

தலைமை அலுவலகத்து ஆய்வாளர் வர இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. பத்து உறுப்பினர்கள் இருக்க வேண்டிய எதிர்க்கட்சிக் கிளை அலுவலகத்தில் தையற்காரர் மட்டும்தான் இருந்தார். அவரே செயலாளர், அவரே தொண்டர். அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனால் கூட்டம் கலைந்ததாக அர்த்தம்.

முப்பது வருடங்களுக்கு முன் இந்த அறையில் உட்கார இடம் கிடைக்காது. தெருவிளக்கு எரியவில்லை என்று ஒருவர் வருவார், மகளுக்குப் பள்ளியில் இடமில்லை என்று இன்னொருவர். மனு எழுதி எழுதியே தையற்காரரின் கையெழுத்து அழகானது. யாரை வேட்பாளராக நிறுத்துவது என்று மூன்று நாள் அடித்துக்கொள்வார்கள். நான்காம் நாள் ஒரே வாளிப் பசையில் தூரிகையை நனைத்துச் சுவரொட்டி ஒட்டுவார்கள். அப்புறம் தோற்பார்கள். அதில் மட்டும் ஒரு ஒழுங்கு இருந்தது.

பத்துப் பேர் இல்லாவிட்டால் கிளையை மூடிவிடுவதாகக் கடிதம் வந்திருந்தது. தையற்காரர் தெருவைக் கடந்து ஆளுங்கட்சிக் கிளைக்குள் நுழைந்தார். அங்கே செயலாளர் அவருடைய சம்பந்தி. பிள்ளைகளின் கல்யாணத்தன்று கூட வரி உயர்வைப் பற்றிச் சண்டை போட்டுப் புகைப்படத்தில் முகம் திருப்பி நின்றவர்கள்.

"ஒன்பது பேர் வேணும் சம்பந்தி. ஒரு மணி நேரத்துக்கு."

சம்பந்தி சிரிக்கவில்லை. "நீங்க மூடிட்டுப் போயிட்டா நான் யாரைத் திட்டுறது? நீங்க சாக்கடைன்னு கத்தினாத்தான் எங்க மேலிடம் என் போனையே எடுக்குது."

சம்பந்தியோடு சேர்த்து ஒன்பது பேர் வந்தார்கள். ஒன்பது சட்டைப் பையிலும் ஆளுங்கட்சிச் சின்னம் இருந்தது. போன தேர்தலுக்கு அதைத் தைத்துக் கொடுத்தவரே இவர்தான். அவசர அவசரமாக அதன்மேல் ஒட்டுத் துணி வைத்துத் தைத்தார்.

ஆய்வாளர் காரில் வந்து இறங்கினார். கட்சி உறுதிமொழியைத் தாளைப் பார்த்துத் தடவித் தடவிப் படித்தார். பிறகு ஒன்பது ஒட்டுகளையும் வரிசையாகப் பார்த்தார்.

"ஏழைக் கட்சிங்கய்யா," என்றார் தையற்காரர்.

ஆட்சியின் மேல் என்ன குறை என்று ஆய்வாளர் கேட்டதும் தையற்காரர் தானே பதில் சொல்ல எழுந்தார். ஆனால் சம்பந்தியைத் தவிர மற்ற எட்டுப் பேரும் முந்திக்கொண்டு பொரிந்து தள்ளினார்கள். தண்ணீர், சாக்கடை, விளக்கு என்று சொந்தக் கட்சியிடம் பத்து வருடமாகச் சொல்ல முடியாததெல்லாம் வந்து விழுந்தது. அறையில் பழைய சத்தம் திரும்பியதைக் கேட்டுத் தையற்காரருக்குக் கண் கலங்கியது.

அதுவரை பொறுத்திருந்த சம்பந்தி துள்ளி எழுந்தார். "சும்மா குறை சொல்லாதீங்க. எங்க ஆட்சியில போட்ட ரோடு யாரு கண்ணுக்கும் தெரியலையா?"

தையற்காரர் பதறி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஒட்டுத் துணி கையோடு வந்தது.

ஆய்வாளர் அந்தச் சின்னத்தை வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 'கிளை உயிரோடு இருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தையற்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் கார் ஓட்டுநர் வாசலில் தலையை நீட்டினார்.

"ஐயாவைச் சீக்கிரம் விடுங்க. உங்க தலைமை அலுவலகத்துல அனுப்ப ஆளில்லன்னு இவரை இரவல் வாங்கியிருக்காங்க. நாலு மணிக்கு அவரோட சொந்தக் கட்சிக் கூட்டம் இருக்கு."