துரை ஆடும் கதிரை

வெள்ளிக்கிழமைக்குள் அந்த ஆடும் கதிரை வீட்டை விட்டுப் போக வேண்டும். அதுவும் மனைவி விஜயலெட்சுமியே தன் வாயால் "கொண்டு போய்த் தொலைங்க" என்று சொல்லிப் போக வேண்டும். லோகேந்திரன் இப்படியொரு சபதம் எடுத்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் எடுத்த சபதம் ஒன்றும் உருப்பட்டதில்லை என்பது வேறு விஷயம்.

பண்டாரவளையில் அவனுக்கு ஹோட்டல் சாமான் கடை. கட்டில், மெத்தை, தேத்தண்ணிக் கோப்பை, திரைச்சீலை எல்லாம் சப்ளை பண்ணுவான். திரைச்சீலையும் தலையணை உறையும் தைப்பது விஜயலெட்சுமி. நாள் முழுக்கத் தைத்து ஒடிந்த இடுப்பை அவள் சாய்ப்பது அந்தக் கதிரையில்தான். ஏதோ ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவைக் காலி செய்தபோது வந்தது. கடை நிறையச் சாமான் இருந்தும், வீட்டில் அவளுக்கென்று இருந்த சுகம் அது ஒன்றுதான்.

பெரகலைக்கு மேலே ஒரு பழைய பங்களாவை ஹோட்டலாக்கிக்கொண்டிருந்த புவாத் முதலாளி சாமான் பேச வீட்டுக்கு வந்தபோது, அவர் கண்ணில் அது பட்டுத் தொலைத்தது.

"வராந்தாவுல போட வெள்ளக்காரன் காலத்துக் கதிர ஒண்டு வேணும். வெள்ளிக்கிழம லொறி அனுப்புறன். இது வந்தா ஹோட்டலுக்கு மத்த சாமான் ஓடரும் ஒங்களுக்குத்தான். வராட்டி பதுளையில வேற ஆள் ஈக்கி" என்றார்.

நேரே கேட்டால் நடக்காது. ஆகவே லோகேந்திரன் பொய்யைக் கையில் எடுத்தான்.

"விஜி, அந்தக் கதிரையில ஒரு வெள்ளக்காரத் துரை செத்துப்போயிருக்காராம்."

"யாரு சொன்னா?"

"கதிர வந்த பங்களாவுல காவல் இருக்கிற வாச்சர். பனி மூடுனா இன்னமும் வந்து ஒக்காருவாராம்."

"ஒக்காந்து?"

"ஆடுவாராம்."

"பாவம், இடுப்பு வலியா இருக்கும்" என்று அவள் ஊசியில் நூல் கோத்தாள்.

மறுநாள் மத்தியானம் பனி மலையிறங்கி வீட்டுக்குள்ளேயே நுழைந்தது. கதிரைக் காலில் கறுப்பு நூலைக் கட்டி, அதை ஜன்னல் வழியே வெளியே கொண்டுவந்து, சுவரோரம் பதுங்கியிருந்தான் லோகேந்திரன். இழுத்தான். கதிரை ஆடியது. விஜயலெட்சுமி தையலை நிறுத்திவிட்டுக் கதிரையைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். பிறகு அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டாள்.

வெற்றிக் களிப்பில் இன்னொரு முறை இழுத்தான். நூல் முழுவதும் அவன் கைக்கே வந்துவிட்டது.

உள்ளே கதிரை நிற்கவில்லை. கிறீச், கிறீச் என்று, யாரோ காலை ஊன்றி நிதானமாக ஆட்டுவதுபோல் ஆடிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ சுருட்டு வாடை வந்தது. கடைக்கு ஓடிய லோகேந்திரன், புது மெத்தைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டான். பயம் என்றால் அப்படியொரு பயம்.

வெள்ளிக்கிழமை புவாத் முதலாளியின் லொறி வந்தது. கதிரையின் நெற்றியில் திருநீற்றுப் பட்டை. மடியில் எலுமிச்சம்பழம். எதிரே வாழையிலையில் தேங்காய், சுருட்டு, சாராயம். துரையாயிற்றே என்று விஜயலெட்சுமி வைத்த நாலு கிறீம் கிறேக்கர் பிஸ்கட்டும், கடையிலேயே விலை கூடிய கோப்பையில் தேத்தண்ணியும்.

தூக்க வந்த தோட்டத்துப் பொடியன்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள்.

"படையல் போட்ட சாமானத் தூக்க மாட்டோம் அண்ணே. கை கால் வெளங்காமப் போயிரும்."

"அட, பேயுமில்ல சாமியுமில்ல. நான்தான் நூல் கட்டி இழுத்தேன்."

"சாமிய வச்சுப் பொய் சொல்லாதீங்க அண்ணே" என்று டிரைவர் போனை எடுத்தான்.

பேய் இருக்கிற கதிரையும் வேண்டாம், அதை விற்கப் பார்த்தவனும் வேண்டாம் என்றுவிட்டார் முதலாளி. ஓடர் பதுளைக்குப் போனது. லொறியும் வெறுமையாகப் போனது.

"முதலாளி கதிரையக் கேட்டதும் தெரியும், நீங்க நூல் கட்டுனதும் தெரியும்" என்றாள் விஜயலெட்சுமி. "நான்தான் வெட்டுனேன். படையலும் தெரிஞ்சுதான் போட்டேன். இல்லாட்டி கதிரையத் தூக்கிக் குடுத்திருப்பீங்கல்ல?"

"அது சரி, வெட்டுன பெறகு ஆட்டுனது யாரு?"

"நீங்கதான். வேற நூல் கட்டியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"நான் இல்ல விஜி."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். காற்று இல்லை. வாசலில் பனி அசையாமல் நின்றது. கதிரை மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

விஜயலெட்சுமி இடுப்பில் கை வைத்தபடி கதிரைக்கு முன்னால் போய் நின்றாள்.

"எந்திரிங்க தொர. எனக்கு இடுப்பு வலிக்குது."

கதிரை நின்றது. அவள் எலுமிச்சம்பழத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்து, சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

"செத்துப்போன தொரைக்கே தெரியுது. ஒங்களுக்குத்தான் தெரிய மாட்டேங்குது."