கொக்கி அண்ணன் வைக்காத புள்ளி

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வருசமாகத் தயக்கம். சாமி முன்னால் பூப்போட்டுப் பார்க்காத குறைதான். எழுதினால் அண்ணன் மனசு நோகுமோ என்று பயம். எட்டாவது வரை படித்தவன் அடுத்தவர் எழுத்தில் குற்றம் சொல்வதா என்ற கூச்சம் வேறு.

ஆனால் ஒன்று சத்தியம். மதுரையில் செல்போன் வழியாகப் போகிற கேள்விக்குறிகளில் பாதி, சிம்மக்கல்லில் உள்ள ஒரு பூக்கடையிலிருந்து புறப்பட்டவை. இத்தனைக்கும் அந்தக் கடைக்காரர் செல்போனில் யாரையும் ஒரு கேள்வி கேட்டவர் இல்லை. எதை எழுதினாலும் கடைசியில் கேள்விக்குறி போடுவார், அவ்வளவுதான். அதற்கு அவர் வைத்த பெயர் கொக்கி. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கொக்கி அண்ணன்.

எங்கள் தெரு மாரியம்மன் கோயிலுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. அதில் அறிவிப்புப் போடுகிற பொறுப்பு அண்ணனுக்கு. ஒரு ஆடி வெள்ளிக்கு முதல்நாள் போட்டார்: "நாளை காலை கோயிலில் கூழ் ஊற்றப்படும்?"

தெருவே குழம்பிப்போய் அவரவர் வீட்டில் இட்லி ஊற்றிவிட்டது. கோயிலில் இரண்டு அண்டா கூழும் அண்ணனும் மட்டும்.

"என்னண்ணே, ஊத்துறீகளா இல்லையான்னு நீங்களே எங்களையக் கேட்டா?"

"ஊத்துறோம்னுதானப்பா போட்டேன்."

மிச்சக் கூழை அன்று சாயங்காலம் வரை போகிற வருகிற ஆட்டோக்காரர்களை மறித்து மறித்துக் கொடுத்தார்.

அடுத்து, பக்கத்துத் தெரு டெய்லரின் அப்பா இறந்தபோது அண்ணன் அனுப்பியது: "ஆழ்ந்த இரங்கல்? ஐயாவின் ஆத்மா சாந்தியடையும்?" பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை வாங்க வந்த டெய்லர் கடை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏண்ணே, எங்கப்பா சாந்தியடையறதுல ஒங்களுக்கு என்ன சந்தேகம்?"

"சந்தேகமா? தங்கமான மனுசன்யா அவரு. இந்தா, மாலையக் கொண்டு போயிப் போடு," என்று கனத்த மாலையாக எடுத்துக் கொடுத்தார்.

அப்புறம்தான் நான் கேட்டேன். "அண்ணே, ஒரு புள்ளி வச்சா என்ன கொறஞ்சா போயிரும்?"

அண்ணன் கட்டிக்கொண்டிருந்த மல்லிகையைக் கீழே வைத்தார். "நம்ம வீட்டுல கெளம்பும்போது போறேன்னு சொல்லுவமா, போயிட்டு வாரேன்னு சொல்லுவமா?"

"வாரேன்னுதான்."

"அரிசி தீந்துபோச்சுன்னு சொல்லுவமா?"

"நெறஞ்சிருக்குன்னுதான் சொல்லுவோம்."

"அப்பறம்? இதுக்குப் பேரே முற்றுப்புள்ளி. ஒரு மனுசன்கிட்ட பேசிட்டு முற்றுப்புள்ளி வைக்க நாம யாருப்பா? கொக்கி போட்டா அவுக பதில் சொல்லணும். உறவு தொங்கிக்கிட்டே நிக்கும்." தலைக்கு மேலே கொக்கியில் ஆடிய ரோஜா மாலையைக் காட்டினார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. என் மகள் கல்யாணத்தில் அந்தக் கொக்கி மாட்டியபோதுதான் சிரிப்பு நின்றது.

திருமங்கலத்தில் விதைக்கடை வைத்திருப்பவரின் மகன். பொருத்தம் பார்த்தாயிற்று, நிச்சயத்துக்கு நாளும் குறித்தாயிற்று. மாப்பிள்ளையின் அப்பா அண்ணனிடம் மாலை வாங்குகிற பழக்கத்தில், எங்களைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்திருக்கிறார். அண்ணன் மனசார எழுதியிருக்கிறார்: "தங்கமான பொண்ணு? அப்பா குடிக்க மாட்டார்? கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்?"

மறுநாள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது. "நிச்சயத்தக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கிருவோம்." கூடவே அண்ணன் எழுதியதையும் எனக்கே அனுப்பிவைத்தார்கள். என் மனைவி பூஜை அறைக்குள் போனவள் வெளியே வரவில்லை. மகள் நிச்சயப் புடவையை மடித்துப் பீரோவுக்குள் வைத்தாள். அதுதான் தாங்கவில்லை.

கடைக்கு ஓடினேன். "அண்ணே, ஒங்களக் கும்புடுறேன். மூணே மூணு புள்ளி. வச்சு அனுப்புங்க."

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. போனை எடுத்தார். 'தங்கமான பொண்ணு' என்று அடித்தார். விரல் அந்தப் புள்ளி மேலே போய் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"முடியலப்பா. புள்ளைக்கு வாழ்க்க ஆரம்பிக்கிற நேரத்துல எங்கையால முற்றுப்புள்ளி வைக்கச் சொல்றியே."

கோபத்தில் ஏதேதோ பேசிவிட்டு வந்தேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

அன்று முகூர்த்த நாள். பூக்கடைக்காரர் கண் சிமிட்டக்கூட நேரமில்லாத நாள். அந்த நாளில் அண்ணன் கடையைச் சாத்திவிட்டு, வாழையிலையில் நாலு முழம் மல்லிகையைச் சுருட்டிக்கொண்டு திருமங்கலம் பஸ் ஏறியிருக்கிறார். அங்கே நடந்ததைச் சம்பந்தியே பிறகு சொன்னார்.

"வந்தவரு உக்காரக்கூட இல்ல. 'நான் போட்டது கேள்வி இல்லய்யா, கொக்கி. ஒங்க ரெண்டு குடும்பமும் அதுல தொங்கணும்னு போட்டது'ன்னாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. எங்க வீட்டம்மாதான் சிரிச்சுட்டு, 'பூவோட வந்திருக்காக, வேற என்ன சகுனம் வேணும்'னுச்சு."

மீனாட்சியம்மன் புண்ணியத்தில் குறித்த நாளிலேயே நிச்சயம் நடந்தது. கல்யாணத்தன்று, இரு வீட்டாருக்குமாகத் தொடங்கிய குரூப்பில் அண்ணன் போட்டார்: "மணமக்கள் பல்லாண்டு வாழ்க?"

மாப்பிள்ளை மணவறையில் இருந்தபடியே பதில் போட்டார்: "வாழ்றோம் மாமா."

ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் அண்ணன் அதே வரியை அனுப்புகிறார். அதே பதிலும் வருகிறது.

போன வாரம் இதை அண்ணனிடம் படித்துக் காட்டினேன். நோகவில்லை. "எல்லாஞ் சரி. கடைசில மட்டும் வச்சிராத," என்றார்.

ஆகவே, இதை நாலு பேருக்கு அனுப்புகிறவர்கள் உள்ளது உள்ளபடியே அனுப்புங்கள். கடைசி வரியில் ஏதோ விட்டுப்போயிற்றென்று நீங்களாக ஒன்றை வைத்துவிடாதீர்கள். அண்ணனுக்கு எழுபத்திரண்டு வயசாகிறது. தாயே, அவர் இன்னும் நிறையக் கொக்கி போட வேண்டும்