ரம்பம் எந்தத் திணை?

அன்பு மைத்துனருக்கு,

உன் அக்காள் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நான் ஒருவனைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே நீ சுகமாகத்தான் இருப்பாய். என்னைக் கொண்டுபோய் மாட்டிவிட்டவனுக்கு என்ன குறை?

ரிட்டயர் ஆன தமிழ் வாத்தியார் வீட்டிலேயே இருந்தால் பேசுகிற பேச்சிலெல்லாம் பிழை பிடிக்கிறார் என்று உன் அக்கா உன்னிடம் அழுததும், கருவிகளை இரவல் தரும் அந்தச் சங்கத்தில் சம்பளமில்லாத தொண்டனாக நீ என்னைச் சேர்த்துவிட்டதும் நல்லெண்ணத்தால்தான், ஒப்புக்கொள்கிறேன். சுத்தியல் முதல் ஏணி வரை யார் வேண்டுமானாலும் எடுத்துப்போய், வேலை முடிந்ததும் திருப்பித் தரலாமாம். நல்ல காரியம். ஆனால் முதல் ஆளே வந்து திருப்புளி கேட்டார். திருப்பு, உளி இரண்டும் சேர்ந்து திருப்புளி ஆயிற்று என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு உளியை எடுத்துக் கொடுத்தனுப்பினேன். கருவிகளின் பெயர் தெரிந்த அளவுக்கு எனக்கு அவற்றின் முகம் தெரியவில்லை, என்ன செய்வது. மறுநாள் கட்டைவிரலில் கட்டோடு வந்தார். அதே நாள் ஏணியைத் தாமதமாகக் கொண்டுவந்தவரைப் பழக்க தோஷத்தில் வெளியே நிற்கச் சொல்லிவிட்டேன். அவரும் பாவம், ஏணியோடு வெயிலில் நின்றார்.

இதெல்லாம் போகட்டும். சனிக்கிழமை அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து ஆணிகளை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். சங்கத்தை நடத்தும் பெண், நம் பெரியவள் வயதுதான், எல்லோரும் மேடம் என்கிறார்கள், யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அந்த ரம்பத்தை வெச்சுக்கிட்டு ஒண்ணும் முடியலண்ணே. பல்லு பாதி போச்சு. இழுத்தா இழுத்துக்கிட்டே இருக்கு, வேலைதான் ஆகல. திங்கக்கிழமை வந்து எடுத்துட்டுப் போயிடுங்க."

என் பல் சமாசாரம் உனக்குத் தெரியும். வகுப்பில் என் முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் எனக்கு வைத்த பெயரும் ரம்பம்தான் என்பதும் தெரியும். பட்டப்பெயர் பழகிவிட்டது, அதனால் வலிக்கவில்லை. ஆனால் 'இழுத்துக்கிட்டே இருக்கு'? காலமெல்லாம் உயர்திணை, அஃறிணை நடத்திய என்னை அஃறிணையில் தள்ளிவிட்டாளே! வருத்தமாக இருந்தது. வேலையை விட்டதிலிருந்து என்னிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அங்கேயாவது நாலு பேர் கேட்டு வந்து நின்றார்கள், திருப்புளிக்குத்தான் என்றாலும். வீட்டுக்கும் வேண்டாம், வெளிக்கும் வேண்டாம் என்றால் மனுஷன் எங்கேதான் போவான்?

ஆகவே இன்று திங்கட்கிழமை நான் போகவில்லை. இனியும் போவதாக இல்லை. முதுகுவலி என்று சொல்லியிருக்கிறேன், உன் அக்கா நம்பவில்லை. நீதான் பேசிச் சமாளிக்க வேண்டும். எனக்குத் தெம்பில்லை.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஒற்றுப்பிழை இல்லாத வாழ்வு வாய்க்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
அலுத்துப்போன உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது மேடம் போன் செய்தாள். ஏன் வரவில்லை, உடம்புக்கு என்ன என்று கேட்டாள். ரம்பம் போய்விட்டதா என்று மெல்லக் கேட்டேன். "சாணை பிடிக்கிறவர் காலையிலேயே வந்து எடுத்துட்டுப் போயிட்டார் சார். நீங்க எப்ப வர்றீங்க? ஆணி டப்பாவெல்லாம் பாதியில கிடக்கு" என்றாள். நிஜமான ரம்பமப்பா, மரம் அறுப்பது! வந்த சந்தோஷத்தில் திணை, பால், எண், இடம் எல்லாவற்றையும் எடுத்துக்காட்டுகளோடு அவளுக்கு விளக்கினேன். கடைசியில், வைத்துவிடுகிறேன் சார் என்றாள், ஆனால் சரியாக வைக்கவில்லை. பக்கத்தில் யாரிடமோ அவள் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"யப்பா, அந்த ரம்பமே தேவலை. இவரு என்னமா அறுக்கிறாரு!"

கவனித்தாயா? எழுவாய், பயனிலை இரண்டுமே உயர்திணை. மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடு. நாளைக் காலை கதவு திறக்கும் முன்பே போய் நிற்பேன்.