இந்துவதனிக்கு ஒரு சேலை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் வருஷம், ஆனி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு, கீரமங்கலம் பஸ் டைம்கீப்பர் ஆத்மநாதன் தம் வீட்டுக்குள் ஒரு பேயைக் குடிவைப்பது என்று முடிவு செய்தார்.

நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. பன்னிரண்டு இருபது அறந்தாங்கி வண்டியை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தால், ஒன்று முப்பது புதுக்கோட்டை வண்டி வரும்வரை அவருக்கு வேலை இல்லை. சாப்பாட்டுக்கும் நடைக்கும் இருபது நிமிஷம். மிச்சம் ஐம்பதும் பெட்டிக்கு.

பெட்டி என்பது செங்கமலம் சீராகக் கொண்டுவந்த இரும்புப் பெட்டி. பச்சைப் பெயின்ட், மூடியில் ஒரு தாமரை. கல்யாணமான மூன்றாம் மாதமே அதிலிருந்த சேலைகள் கொடிக்குப் போயின. சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் உள்ளே வந்தன. டூரிங் கொட்டகை வாசலில் வாங்கியவை, கண்டக்டர்களிடம் சொல்லித் திருச்சியிலிருந்து வரவழைத்தவை, பழைய நட்சத்திரங்களின் வாழ்க்கையைப் படத்தோடு சொல்பவை. பன்னிரண்டு வருஷத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு. சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில் இருந்தது. குளிக்கும்போதும் அது கழன்றதில்லை.

அன்று மதியம் சோற்றைப் போட்டுவிட்டுச் செங்கமலம் ஒரு பட்டுச் சேலையைக் கொண்டுவந்து விரித்தாள்.

“எலி கடிச்சிருக்கு. ஓட்டையப் பாருங்க. ஒங்க தலையே போகும்.”

“என் தலைய ஏன் அதுல விடுற?”

“வேற எதுக்கு ஆகுது அது? வெள்ளிக்கிழமைக்குள்ள என் பெட்டியக் காலி பண்ணிக் குடுங்க. இல்லேன்னா அம்புட்டையும் தங்கமுத்து மளிகைக் கடையில போட்ருவேன். புளி மடிக்க நல்ல காகிதம்னு கேட்டுக்கிட்டே இருக்காரு.”

“அடியே, நட்சத்திரங்கடி அவங்கள்லாம்!”

“நட்சத்திரம் வானத்துல இருக்கட்டும். பெட்டி எனக்கு வேணும்.”

செங்கமலம் சொன்னால் செய்வாள். போன வருஷம் அவருடைய சாய்வு நாற்காலியை விற்று ஆடு வாங்கியவள். ஆடு அவரை இன்றுவரை மதிப்பதில்லை.

ஆகவே பேய். செங்கமலத்துக்கு எழுத்து தெரியாது. பெண் பார்க்கப் போனபோதே அவள் வீட்டில் சொல்லிவிட்டார்கள். எழுத்து தெரியாதவளிடம் புத்தகத்தைப் பற்றி என்ன சொன்னால்தான் என்ன? இது ஆத்மநாதனின் கணக்கு.

அதற்குத் தோதாக ஒரு புத்தகம் பெட்டியின் அடியில் கிடந்தது. அட்டை கிழிந்துபோனதில் படத்தின் பெயரே இல்லை. அப்படி ஒரு படம் எந்த ஊர்க் கொட்டகைக்கும் வந்ததாக யாரும் சொல்லவில்லை. முதல் பக்கத்தில் கதாநாயகி, மிஸ் இந்துவதனி. வெளிறிய முகம், கறுத்த கண். அடுத்த பக்கத்தில் கதைச் சுருக்கம். கதாநாயகி பாழடைந்த மாளிகையில் தனியாக நிற்கிறாள், கதவு தானாகத் திறக்கிறது. அங்கே கதை நின்றது. எல்லாப் பாட்டுப் புத்தகத்திலும் இருப்பதுபோல், கீழே ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று அச்சாகி இருந்தது. அதன் கீழே பாதிப் பக்கம் வெற்றிடம்.

செவ்வாய்க்கிழமை மதியம் அதை எடுத்து விரித்தார்.

“இந்தப் பொம்பளையப் பாரு.”

செங்கமலம் குனிந்து பார்த்தாள். “கண்ணு ஏங்க இப்படி இருக்கு?”

“எப்படி?”

“நம்மளப் பார்க்கல. நமக்குப் பின்னால நிக்கிற யாரையோ பார்க்குது.”

ஆத்மநாதன் திரும்பிப் பார்த்தார். சுவர்தான் இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“படம் முடியிறதுக்குள்ள இவ செத்துப்போயிட்டா. உச்சி வேளையில. இவ ஆவி இந்தப் புத்தகத்துல அடஞ்சு கெடக்கு. அதனாலதான் பெட்டியப் பூட்டி வச்சிருக்கேன். இது இந்தப் பெட்டிய விட்டு வெளிய போச்சுன்னா, தூக்கினவங்க பின்னாலயே வந்துரும்.”

“ஆத்தாடி! எந்தக் கடைக்குப் போனாலுமா?”

“தங்கமுத்து கடைக்குக் கண்டிப்பா வரும்.”

செங்கமலம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “என்ன வயசுங்க?” என்றாள்.

“இருவத்திரெண்டு.”

“கல்யாணம் ஆயிருச்சா?”

கதைக்கு உருக்கம் சேரட்டும் என்று நினைத்தார் ஆத்மநாதன். “இல்லை. பாவம், கன்னி” என்றார்.

அந்த ஒரு சொல்லை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

புதன்கிழமை காலை, கரகாட்டக்காரர் ஒருவரிடம் ஒற்றைச் சலங்கை கடன் வாங்கி வந்தார். நெல் இல்லாத பழைய குதிருக்குள் அதைத் தொங்கவிட்டு, டொயின் நூலைக் கட்டி, சுவர் ஓட்டை வழியாகக் கொல்லைக்குக் கொண்டுபோனார். மதியம் சாப்பிட்டுக் கை கழுவப் போனவர் கால் கட்டைவிரலால் நூலை இழுத்தார்.

ஜல்.

உள்ளே அகப்பை விழும் சத்தம் கேட்டது. அடுத்த வீட்டு மூக்காயி ஓடி வந்தாள்.

“என்ன மதினி, மொகம் இப்படி வெளுத்துக் கெடக்கு?”

“குதிருக்குள்ள சலங்கை சத்தம் கேக்குதுடி.”

“எனக்கும் கேட்டுச்சே! அண்ணே, நீங்க கேட்டீங்களா?”

“என்ன சத்தம்?” என்றார் ஆத்மநாதன், நிதானமாக வாயைக் கொப்பளித்தபடி. பேய் வேலையில் தனக்கு இவ்வளவு கைராசி என்று அவருக்கே தெரியாது.

வியாழக்கிழமை, வெற்றி பெற்றவர் தம் நாட்டைச் சுற்றிப் பார்ப்பதுபோல், பெட்டியைத் திறந்தார். இந்துவதனியின் புத்தகம் மேலாக இருந்தது. அடியில் வைத்ததாக நினைவு. புரட்டினார். ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்பதற்குக் கீழே, வெற்றிடத்தில், ஊதா நிறத்தில் ஒரு வரி இருந்தது. வலப்பக்கம் சாய்ந்த, கொக்கி போட்ட எழுத்து.

‘நாயகன் வீட்டுக்குள் ஒரு பொய்யைக் கொண்டுவருகிறான்.’

வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. தெருவில் ஒரு காக்கை கூட இல்லை. ஆத்மநாதன் அரைஞாணைத் தொட்டுப் பார்த்தார். சாவி இருந்தது. அந்த வரியை இன்னொரு முறை படித்தார். அப்போதுதான் அதன் கீழே இரண்டாவது வரி ஒன்று இருப்பது தெரிந்தது.

‘சலங்கை குதிருக்குள் இருப்பது அவளுக்குத் தெரியும்.’

“செங்கமலம்!” என்று கூப்பிட வாயெடுத்தார். அவள் வந்தால் என்ன கேட்பது? படிக்கத் தெரியாதவளிடம் யார் எழுதினார்கள் என்று கேட்க முடியாது. சலங்கையைப் பற்றிக் கேட்டால் சலங்கை வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் முதல் வேலையாகச் சலங்கையை நூலோடு எடுத்துத் துண்டில் மறைத்துக்கொண்டுபோய் ஊருணியில் வீசினார். அது அமிழ்ந்து, குமிழி விட்டு அடங்கும்வரை நின்று பார்த்தார். அப்புறம்தான் டூட்டிக்குப் போனார். அன்று ஏழு இருபது வண்டியை ஏழு பத்துக்கே அனுப்பிவிட்டதாகக் கண்டக்டர் மரியசெல்வம் பின்னால் எல்லாரிடமும் சொன்னார்.

மதியம் வீட்டுக்கு வந்தபோது செங்கமலம் இல்லை. சோறு மூடி வைத்திருந்தது. தாமாகப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். மூன்றாவது கவளம் வாய்க்குப் போகும்போது, குதிருக்குள்ளிருந்து,

ஜல்.

கை அந்தரத்தில் நின்றது. நூல் இல்லை. சலங்கையும் இல்லை. அது ஊருணிச் சேற்றில் கிடக்கிறது.

ஜல். ஜல். மெதுவாக, புதிதாக ஆடப் பழகுகிறவள் ஒவ்வொரு காலாகத் தூக்கி வைப்பதுபோல்.

ஆத்மநாதன் எழுந்து எப்படி வெளியே வந்தார் என்பது அவருக்கு நினைவில்லை. மூக்காயி வீட்டு வாசலில் எச்சில் கையோடு நின்றார். செங்கமலமும் மூக்காயியும் உரலடியிலிருந்து வந்தார்கள்.

“என்னங்க, ஒடம்பெல்லாம் வேர்த்து ஊத்துது?”

“அந்தப் பெட்டியத் தூக்கிருவோம். தங்கமுத்து கடைக்கே குடுத்துரு. இப்பவே.”

“நல்லா இருக்கே! தூக்குனா பின்னாலயே வரும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“சொன்னேன்…”

“தங்கமுத்து அண்ணே புள்ளகுட்டிக்காரரு. அவரு தலையில கொண்டுபோய் இதை வைக்கவா?”

மூக்காயி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “அண்ணே, ஒரு சேதி. மதினி சொல்லுச்சு, அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆகலையாமே? அப்ப அது பேயில்ல. கன்னி. எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு, கல்யாணம் ஆகாமலே செத்துப்போன எங்க சின்ன அத்தை. ஒரு பெட்டியில புதுச் சேலை வச்சு, வெள்ளிக்கிழமைக்கு வெளக்குப் போட்டா, வீட்டுக்குக் காவலா நிக்கும். வருசம் ஒரு சேலை. பழைய சேலைய வீட்டுப் பொம்பளை உடுத்திக்கிறணும். ஆம்பளைங்க மட்டும் பெட்டியத் தொடக் கூடாது.”

“புத்தகம்?”

“அதுதானே அண்ணே அது இருக்கிற எடம்? அது உள்ளயே இருக்கும்.”

ஆத்மநாதன் மாலையில் ஆள் துணையோடு வீட்டுக்குள் போய்ப் புத்தகத்தைத் திறந்து பார்த்தார். மூன்றாவது வரி வந்திருந்தது. ‘அவள் கேட்பது அரக்குக் கலரில் ஒன்று.’

மறுநாளே அறந்தாங்கி போய் அரக்குக் கலரில் பட்டு எடுத்து வந்தார். செங்கமலம் அதை முந்நூற்றுப் பன்னிரண்டு புத்தகங்களின் மேல் மடித்து வைத்து, சூடம் காட்டி, பெட்டியைப் பூட்டினாள். சாவி அவள் முந்தானைக்குப் போனது. ஆத்மநாதன் அதன்பிறகு மதியச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் பஸ் ஷெட்டுக்கே வரவழைத்துக்கொண்டார். ஐம்பது நிமிஷமும் சும்மா உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தார். பெட்டி காலியாகவில்லை, புத்தகங்கள் பொட்டலமாகவில்லை. அவர் நினைத்ததெல்லாம் நடந்தது. அந்தப் புத்தகங்களை அவர் பார்க்க முடியாது என்பதுதான் பாக்கி.

அடுத்த ஆனி வந்தது. நார்த்தாமலையில் செங்கமலத்தின் தங்கை அழகி, பிள்ளைக்குக் காது குத்து வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை விளக்குப் போட்டுவிட்டு மறுநாள் வருவதாகச் சொல்லி, செங்கமலம் அவரை முன்னால் அனுப்பினாள். போய் இறங்கும்போது உச்சி வெயில். மலைப்பாறை கண்ணைக் கூசவைத்தது.

அழகி மோர் கொடுத்துவிட்டு, ஒரு மடித்த காகிதத்தையும் கொடுத்தாள். “அக்கா கண்டக்டர்கிட்ட குடுத்துவிட்டுச்சு மச்சான். எனக்கு எழுத்து தெரியாதுல்ல? நீங்க வந்ததும் ஒங்களையே வாசிக்கச் சொல்லணுமாம்.”

ஆத்மநாதன் பிரித்தார். ஊதா எழுத்து. வலப்பக்கம் சாய்ந்து, கொக்கி போட்டு. பஸ் ஷெட்டில் டிரிப் ஷீட் எழுத அவர் வைத்திருக்கும் காப்பியிங் பென்சிலின் ஊதா. சட்டைப் பையிலேயே இருப்பது.

‘என்னங்க, அழகிக்குப் படிக்கத் தெரியாது. அதனால இது ஒங்களுக்குத்தான்.’

“என்ன மச்சான் எழுதிருக்கு?”

“சவுக்கியமாம்.”

‘கொட்டகை ஸ்பீக்கர் குழாயில பாட்டக் கேட்டுக் கேட்டு எல்லாம் மனப்பாடம். அதே பாட்டை ஒங்க புத்தகத்துல வெரல் வச்சு ஓட்டி ஓட்டி எழுத்து படிச்சேன். எட்டு வருசம் ஆச்சு. சீர்ப்பெட்டிக்குச் சாவி ரெண்டு. ஒண்ணைத்தான் ஒங்ககிட்ட குடுத்தாங்க.’

“அப்புறம்?”

“அங்கிட்டு மழை இல்லையாம்.”

“இம்புட்டு எழுதிருக்கே மச்சான், மழை இல்லைங்கிறதுக்கா?”

“கொஞ்சங்கூட இல்லையாம்.”

‘அந்த மூணு வரியும் நான்தான் எழுதுனேன். நீங்க ஒரு வார்த்தை, “சேலைக்கு எடம் வேணுமா, பாதிப் பெட்டிய எடுத்துக்க”ன்னு சொல்லிருந்தா அந்தப் பொண்ணைச் சாகடிச்சிருக்க வேணாம். இனிமே மத்தியானம் வீட்டுக்கு வாங்க. புத்தகம் பூராம் பத்திரமா இருக்கு. நான் வாசிக்கிறேன், நீங்க கேளுங்க. தொடத்தான் கூடாது.’

ஆத்மநாதன் ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார். அவமானம்தான். ஆனால் எவ்வளவு இனிப்பான அவமானம்! பேயும் இல்லை, கன்னியும் இல்லை. பொய் சொன்ன புருஷனும் கெட்டிக்காரப் பெண்டாட்டியும்தான். ஊருக்குப் போனதும் சாவியைக் கேட்டு வாங்கிவிடுவது, இனி ஒரு முழத் துணியும் எடுத்துத் தருவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தார். சிரிப்பு கூட வந்தது. காகிதத்தைத் திருப்பினார். பின்பக்கம் இன்னும் கொஞ்சம் இருந்தது.

‘ஒரு விசயம் மட்டும் கேக்கணும்னு ஒரு வருசமா இருக்கு. வெள்ளிக்கிழமை மத்தியானம் சலங்கை கேட்டுச்சே, அப்ப நான் மூக்காயி வீட்டுல மாவு இடிச்சுக்கிட்டு இருந்தேன். ஒலக்கையக் கீழ வச்சுட்டு ரெண்டு பேரும் கேட்டோம். நீங்கதான் நூலை இழுக்குறீங்கன்னு சிரிச்சோம். இன்னமும் நீங்க ஷெட்டுல இருக்கிற நேரத்துல சில நாள் கேக்குது. அது நீங்கதானே?’

ஆத்மநாதன் மோர்த் தம்ளரைக் கீழே வைத்தார். சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு ஐம்பது.

“என்ன மச்சான், மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு? அக்கா வேற என்ன எழுதிருக்கு?”

ஆத்மநாதன் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில், பென்சிலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“ஒண்ணுமில்ல அழகி. புதுக்கோட்டையில இந்நேரம் எந்த ஜவுளிக்கடை தொறந்திருக்கும்?”