கலியபெருமாள் போட்ட ஓட்டு

பார்க்காதே என்று யாராவது சொன்னால் அதைப் பார்த்தே தீரவேண்டும் என்கிற வியாதி எனக்குப் பிறவியிலேயே உண்டு. அந்த வியாதி எவ்வளவு முற்றியது என்பது, இருபத்திரண்டு வயதில் ஊரே கைகொட்டிச் சிரிக்க நடுத்தெருவில் ஊர்வலமாக அழைத்துப்போகப்பட்ட அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பிரெஞ்சுக்காரர் ஆட்சிக் காலம். பாகூருக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் ஜவுளிக்கடை வேலைக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து புறப்பட்டு வந்தேன். கடலூரில் ரயிலை விட்டு இறங்கி, மாட்டுவண்டி பிடித்து, சுங்கக்காரர் என் டிரங்குப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்த பிறகு ஒரு வரப்பைத் தாண்டினேன். வெளிநாடு வந்துவிட்டது. (கப்பலேறினால்தான் வெளிநாடு என்று நினைத்திருந்தவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.) அந்தப் பக்கமும் நெல், இந்தப் பக்கமும் நெல். இரண்டுக்கும் நடுவே ஒரு கொக்கு எந்த ராஜாங்கத்தைப் பற்றியும் கவலைப்படாமல் நின்றிருந்தது.

"எந்த ஊருபா?" என்று கேட்டார்கள். திருநெல்வேலி என்றேன். "அப்ப இங்கிலீஷ்காரன் ஊரு" என்றார்கள். அவ்வளவுதான். அடுப்புக்கரிக்கும் எனக்கும் நிறத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. இங்கிலீஷில் என் பெயரைத் தவிர ஒரு எழுத்து தெரியாது. ஆனாலும் மறுநாள் முதல் ஊருக்கு நான் 'இங்கிலீஷ்காரன்'. "இங்கிலீஷ்காரா, அந்த செவப்புத் துண்ட எடு" என்று குழந்தைகள்கூடக் கூப்பிட்டன. நான் "அவிய வந்திருக்காவ" என்று சொன்னால் கடைக்கு வந்த பெண்கள் துணி எடுக்க மறந்து சிரித்தார்கள். அவர்கள் 'இன்னா' என்றதும் எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் அவர்கள் நூறு பேர், நான் ஒருவன்.

எனக்கோ எல்லாம் வேடிக்கை. போலீஸ்காரர் தலையில் இருந்த சிவப்புத் தொப்பி எப்படி விழாமல் நிற்கிறது என்று பார்க்க அவரை மூன்று தடவை சுற்றிவந்தேன். நாலாவது சுற்றில் அவர், "இன்னாபா, கோயிலா இது?" என்று கேட்டார்.

இந்த நிலைமையில்தான் தேர்தல் வந்தது.

எங்கள் ஊர்ப் பக்கம் ஓட்டு என்பது நிலம் நீச்சு உள்ள பெரிய மனிதர்கள் விஷயம். என் அப்பா ஓட்டுச்சீட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. இங்கேயோ ஏர் ஓட்டுகிற ஆண்பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஓட்டு உண்டாம். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பெட்டி எப்படி இருக்கும்? சீட்டை யார் மடிப்பார்கள்?

முதலாளி நடேசனுக்கு என் வியாதி தெரியும். "ஞாயித்துக்கெழம கடைய தொறக்காத. வெளிய தல காட்டாத. ரெண்டு கட்சிக்காரனும் கொம்போட நிப்பான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பேசாமல் போயிருந்தால் நான் தூங்கியிருப்பேன்.

ஓட்டுப்போடும் இடமான பள்ளிக்கூடத்தின் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தபோது தோளில் ஒரு கை விழுந்தது. மேர் கட்சியைச் சேர்ந்த துரைக்கண்ணு. (நகராட்சித் தலைவரை அங்கே மேர் என்பார்கள்.) எங்கள் கடையில் வேட்டி எடுக்கிறவர்.

"ஓட்டு போடுறியாபா?"

"எனக்கு ஏது ஓட்டு? நான் இங்கிலீஷ்காரன்லா!"

"அது கெடக்குது. உள்ள போயி பாக்கணுமா, வேணாமா?"

என் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய ஆசைவார்த்தையை யாரும் சொன்னதில்லை. ஒரு கார்டையும் மடித்த சீட்டையும் என் கையில் திணித்தார். கார்டு முழுக்கப் பிரெஞ்சு. "பேரு கலியபெருமாள். அப்பா சபாபதி. மேட்டுத் தெரு. வேற எதுக்கும் வாயத் தொறக்காத. தொறந்தா திருநெல்வேலி வந்துரும்."

"அந்தக் கலியபெருமாள் எங்க?"

"ஆளு இல்ல" என்றார் துரைக்கண்ணு, வானத்தைப் பார்த்துக்கொண்டு.

அந்த வட்டாரத்தில் வேலைக்காகச் சைகோனுக்குப் போனவர்கள் நிறைய. இவரும் அங்கேதான் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பாவம், கப்பலிலா வந்து ஓட்டுப்போட முடியும்? ஏதோ ஒத்தாசை செய்கிற பெருமிதத்தோடு உள்ளே போனேன்.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி பெயர் கேட்டார். சொன்னேன். அப்பா பெயர் கேட்டார். சொன்னேன். சீட்டைப் பெட்டிக்குள் போட்டேன். அவர் "அவொத்தே!" என்று கூவினார். 'வாக்களித்தாயிற்று' என்பதற்குப் பிரெஞ்சு. அப்படியே திரும்பி வந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

ஆனால் அந்தப் பெட்டியின் பூட்டு அவ்வளவு அழகாக இருந்தது.

"பெட்டிய எப்பம் திறப்பிய?" என்று கேட்டுவிட்டேன்.

மூலையில் குனிந்து பெயர்களைக் கோடிட்டுக்கொண்டிருந்த எதிர்க்கட்சி ஏஜெண்டு தலையைத் தூக்கினார். நாற்பது வயதிருக்கும், நல்ல ஆகிருதி. பெயர் சுப்புராயன் என்று பிறகு தெரிந்தது.

"பேரு இன்னா சொன்ன?"

"கலியபெருமாள்."

"அப்பா பேரு?"

"சபாபதி."

"எந்தத் தெரு?"

"மேட்டுத் தெரு" என்றேன், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் தெரிந்த மாணவனின் உற்சாகத்தோடு.

அவர் மெதுவாக எழுந்தார். மேசையைச் சுற்றி வந்தார். என் முகத்தை அப்படியும் இப்படியும் பார்த்தார். பிறகு தடாலென்று என் காலில் விழுந்து, "அப்பா! எப்பப்பா வந்த? ஒரு வார்த்த சொல்லலியே!" என்று அலறினார்.

"எந்திரிங்க அண்ணாச்சி" என்றேன். வேறு என்ன சொல்வது?

"பெத்த புள்ளய அண்ணாச்சிங்கிறியேப்பா!"

வரிசையில் நின்றவர்கள் இரண்டு கட்சி என்பதையும் மறந்து ஒன்றாகச் சிரித்தார்கள். துரைக்கண்ணு நின்றிருந்த இடம் காலி. "வூட்டுக்கு வாப்பா, அம்மா காத்துக்கினு இருக்குது" என்று சுப்புராயன் என் கையைப் பிடித்தார். பிடி இரும்பு. மேட்டுத் தெரு வரைக்கும் பின்னால் ஒரு கூட்டம் வந்தது. போகிற வழியில்தான் கலியபெருமாள் செத்து ஏழு வருஷமாகிறது என்ற விவரம் எனக்குத் தெரிவிக்கப்பட்டது.

வீட்டில் கலியபெருமாளின் மனைவி அஞ்சலையம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "அம்மா, அப்பா வந்துருக்காரு பாரு! ஓட்டு போட வந்தாராம்!" என்றார் மகன்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தார்.

"செத்தப்பறம் இதோட மூணு வாட்டி ஓட்டு போட்டுட்டாரு. ஒரு வாட்டிகூட வூட்டுப் பக்கம் எட்டிப் பாக்கல. நீதான் மொத ஆளு" என்றார். பிறகு, "யாருக்குப் போட்ட?" என்று கேட்டார்.

"மேர் கட்சிக்கு."

கூட்டத்தில் சிரிப்பு நின்றது.

"அவங்களுக்கா? ஏரித் தண்ணிய எங்க நெலத்துக்கு வுடாம மடக்குனவங்க அவங்க. சாவக் கெடக்கறப்பகூட கட்டிலோட தூக்கிக்கினு போவச் சொல்லி அவங்களுக்கு எதிராத்தான் ஓட்டு போட்டாரு."

அதுவரை எனக்குப் பயம்தான் இருந்தது. அப்போதுதான் வெட்கம் வந்தது. ஒரு மனிதர் கட்டிலில் படுத்தபடி கொண்டுபோய்ச் சேர்த்த காரியத்தை நான் ஒரு பூட்டைப் பார்க்கிற ஆசையில் கெடுத்துவிட்டு வந்திருக்கிறேன். "தெரியாம செஞ்சிட்டேன் அம்மா" என்றேன்.

இதற்குள் நடேசன் மேல்துண்டு பறக்க ஓடிவந்துவிட்டார். "போலீசுல சொல்லி எல்லைக்கு அந்தாண்ட தள்ளிடறேன்" என்று சுப்புராயன் குதித்தார். நடேசன் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். திருநெல்வேலிக்குத் திரும்பிப் போய் அம்மாவிடம் என்ன காரணம் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

"போலீசு இன்னா, போட்ட ஓட்ட எடுத்துக் குடுக்குமா?" என்றார் அஞ்சலையம்மாள். என் பக்கம் திரும்பினார். "வர்ற அமாவாசைக்கு அவருக்குப் படைக்கிறோம். வருசா வருசம் காக்காய கூப்புட்டு சோறு வெக்கிறேன். தின்னுட்டு ஒரு வார்த்த சொல்லாம பறந்துபூடுது. அவரு பேரத்தான எடுத்துக்கின? வந்து ஒக்காந்து சாப்புடு. கொழம்பு எப்டி இருக்குதுன்னு வாயத் தொறந்து சொல்லு."

சுப்புராயனுக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கவில்லை. ஆனால் அம்மா சொன்ன பிறகு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது.

மேர் கட்சி ஏகப்பட்ட ஓட்டில் ஜெயித்தது. நான் போடாவிட்டாலும் ஜெயித்திருக்கும். அது ஆறுதலா இல்லையா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அமாவாசையன்று போனேன். மணப்பட்டுக் கருவாட்டுக் குழம்பு, கத்தரிக்காய், வடை, கடைசியில் ஒரு சுருட்டு. எல்லாம் அவருக்குப் பிடித்தவை. குழம்பில் உப்பு ஒரு கல் குறைவு என்று பயந்துகொண்டே சொன்னேன். "அதயேதான் சொல்லுவாரு!" என்று அஞ்சலையம்மாள் மகனைப் பார்த்தார். சுருட்டை இழுத்ததும் குடல் வெளியே வருகிற மாதிரி இருமினேன். "இப்டித்தான் இருமுவாரு" என்றார். சுப்புராயன் முதல் தடவையாக உண்மையாகவே சிரித்தார்.

அதன் பிறகு ஒரு வருஷமும் தவறியதில்லை. கல்யாணமான புதிதில் என் மனைவி, "உயிரோட இருக்கிற மனுஷனுக்குப் படையலா?" என்று அழுதாள். அடுத்த வருஷம் வடைக்காகக் கூட வந்தாள். அஞ்சலையம்மாள் போய்ச் சேர்ந்த பிறகு என்னைக் கூப்பிடச் சுப்புராயனிடமிருந்து ஆள் வந்தது. இப்போது அவருடைய பிள்ளைகள் அனுப்புகிறார்கள். அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு என் சொந்தப் பெயர் தெரியாது.

போன மாதம் கடலூர் பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஓர் அம்மாள் பூக்கூடையோடு என்னிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எங்கிருந்தோ சுப்புராயனின் பேத்தி, ஏழு வயசுக் குட்டி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தது. "அம்மா, இங்க பாரு! நம்ம செத்துப்போன தாத்தா ஒக்காந்துக்கினு இருக்காரு!"

பூக்காரம்மாள் என்னை ஒரு தடவை பார்த்தார். கூடையை எடுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.