ஸ்கேன் மெஷினுக்கு வெச்ச மூணு பொட்டு

ஆயுத பூஜைக்கு ஸ்கேன் மெஷினைத் துடைச்சுப் பொட்டு வெக்கணும். அன்னிக்கு எனக்கு இருந்த வேலை அவ்ளோதான்.

தொண்ணூறுகளோட ஆரம்பம். மேற்குத் தாம்பரத்துல ஆட்டோ ஸ்டாண்டுக்கு எதிர்ல, மாடியில எங்க ஸ்கேன் சென்டர். ஒரு டாக்டரம்மா, ஆயா வேலைக்கு ரோஸி அக்கா, டெக்னீஷியன்னு பேர் வெச்சுக்கிட்டு நான். பி.எஸ்சி. ஃபிசிக்ஸ். அதை நானே அடிக்கடி சொல்லிக்குவேன். வேற யாரும் கேக்க மாட்டாங்க.

மானிட்டருக்கு ஒரு பொட்டு. கீபோர்டுக்கு ஒண்ணு. அப்புறம் புரோப். வயித்து மேல வெச்சுத் தேய்ப்பாங்களே, அது. அப்பல்லாம் அது மூஞ்சி நீட்டமா, தட்டையா இருக்கும்.

"இதுக்கு இன்னாத்துக்கு தம்பி பொட்டு?"ன்னு ரோஸி அக்கா கேட்டாங்க.

விடுவேனா? லெக்சர் ஆரம்பிச்சாச்சு.

"அக்கா, இந்த ரப்பர் மூஞ்சிக்குப் பின்னாடி மெல்லிசு மெல்லிசா கிரிஸ்டல் துண்டுங்க வரிசையா ஒட்டியிருக்கு. ஒவ்வொண்ணுக்கும் தனி ஒயர். கரண்ட் குடுத்தா துடிக்கும். நம்ம காதுக்குக் கேக்காத சத்தம் போடும். சத்தம் உள்ள போய் குழந்தை மேல பட்டுத் திரும்பி வரும். வந்ததை அதே துண்டு வாங்கி, மறுபடி கரண்டா மாத்தும். அதான் படம்!"

"கத்துறதும் அதே, கேக்குறதும் அதேவா?"

"அதேதான்! பின்னாடி கனமா ஒரு அடைப்பு வெச்சிருப்பான். கத்தினதும் அதிர்வை அமுக்கிடும். இல்லேன்னா இது கத்திக்கிட்டே இருக்கும், திரும்பி வர்றது காதுல விழாது."

"எங்க வூட்டுக்காரருக்கு அந்த அடைப்பு ஒண்ணு வாங்கியா தம்பி."

நான் கண்டுக்கல. எந்தச் சாமானுக்கும் மூஞ்சிதானே முக்கியம்? ரப்பர் மேலயே வரிசையா மூணு பொட்டு வெச்சேன். நாலணா சைஸு. சந்தனத்தைக் கெட்டியா அப்பி, நடுவுல குங்குமம். அம்சமா இருந்துச்சு.

பதினோரு மணி இருக்கும். மாடம்பாக்கத்துலேருந்து ஒரு பொண்ணு வந்துச்சு. எட்டு மாசம். கூட மாமியார்.

"காத்தாலேருந்து கொழந்த அசையவே இல்ல டாக்டரம்மா."

டாக்டரம்மா வயித்துல குழல் வெச்சுக் கேட்டாங்க. ஆட்டோ ஸ்டாண்டு ஸ்பீக்கர்ல நாதஸ்வரம் அலறுது. ஒண்ணும் கேக்கல.

"ஸ்கேன் பார்த்துடலாம். புரோபைத் துடைச்சுக் குடு."

துடைக்கிறதா? சாயங்காலம் பூஜை முடியறதுக்குள்ள பொட்டை அழிக்கலாமா? ஆகாதே! நைஸா மேல ஜெல்லைக் கொட்டி மூடிக் குடுத்துட்டேன். ஸ்கேனுக்காக ரூமை இருட்டாக்கியாச்சு. அவங்களுக்குத் தெரியல.

ஸ்கிரீன்ல மேலேருந்து கீழ வரைக்கும் மூணு கறுப்புப் பட்டை!

"என்னப்பா இது? மெஷின் நாமம் போட்டுக்கிட்டு நிக்குது?"

புரோபை நகர்த்தினாங்க. நாமமும் கூடவே நகர்ந்துச்சு. இடுக்குல தெரிஞ்சதுல எது தலை, எது கால்னே புரியல. அந்தப் பொண்ணு டாக்டரம்மா மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. கண்ணுத்தண்ணி காதுப் பக்கமா வழியுது.

தொண்டையைக் கனைச்சுக்கிட்டு ஃபிசிக்ஸைக் காட்டினேன். "மேடம், கிரிஸ்டல் உடைஞ்சிருக்கு. மூணு எடத்துல."

"எப்படி உடையும்?"

"யாராச்சும் கீழ போட்டிருப்பாங்க." சொல்லிட்டு ரோஸி அக்காவைப் பார்த்தேன். ஆமா, அவ்ளோ நல்லவன் நான்.

"இவங்களை உடனே எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். ஆட்டோ கூட்டிட்டு வா, ஓடு!"

ஓடினேன். ஆட்டோவெல்லாம் வாழைக்கன்னு கட்டி, மாலை போட்டு ஜம்முனு நிக்குது.

"பொட்டு வெச்சாச்சு சார். பூஜை முடியாம வண்டிய எடுக்க மாட்டோம்."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! "பொட்டு முக்கியமா, புள்ள முக்கியமாய்யா? அறிவிருக்கா? இந்தக் காலத்துலயும் இப்படியா!"ன்னு கத்தினேன். ஒரு டிரைவர் வெக்கப்பட்டுப் போய் வாழைக்கன்னைக் கழட்ட ஆரம்பிச்சாரு.

பெருமையா மேல வந்தா, டியூப் லைட் எரியுது. ரோஸி அக்கா புரோபைத் தூக்கிப் பிடிச்சுக்கினு நிக்கிறாங்க.

"டாக்டரம்மா, இதுல மூணு பொட்டு கீது. அதுல மூணு நாமம் கீது. சரியாகீதா?"

ஈரத் துணியால ஒரே துடைப்பு.

காஞ்ச சந்தனத்துக்குள்ள பொடிப் பொடியா காத்து இருக்கும். நடுவுல காத்து இருந்தா அந்தச் சத்தம் தாண்டாது. ஜெல் போடறதே காத்தை விரட்டத்தான். எனக்குத் தெரியாதா? பரீட்சையில கேட்டிருந்தா அஞ்சு மார்க் வாங்கியிருப்பேன்.

மறுபடி வெச்சாங்க. முழுப் படம். நடுவுல குட்டி இதயம் படபடன்னு அடிச்சுக்குது. பார்த்துக்கிட்டே இருக்கோம், கால் ஒரு உதை விட்டுச்சு. அந்தப் பொண்ணு ஓன்னு அழுதுச்சு. எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு. பாதி சந்தோஷம், பாதி வேலை போயிடுமோங்கிற பயம்.

மாமியாருக்குத் தலைகால் புரியல. பூஜைத் தட்டுலேருந்து சந்தனத்தை ரெண்டு விரலால வழிச்சு எடுத்து, "மவராசி மெஷினு!"ன்னு நேரா புரோப்கிட்ட வந்தாங்க.

"அம்மா! அங்க வெக்காதீங்க!"ன்னு பாஞ்சேன்.

"அப்ப எங்கப்பா வெக்கிறது?"

டாக்டரம்மா கையைத் துடைச்சுக்கிட்டே சொன்னாங்க: "இவன் நெத்தியில வைங்கம்மா. மறைக்கிறதுக்கு அங்க உள்ள ஒண்ணும் கிடையாது."