தொடா நிலைக் கல்வி

சக்கரம் உருளத் தொடங்கிய பிறகு உலகத்தில் நடந்த மிகப் பெரிய காரியம், எங்கள் பொறியியல் கல்லூரிக்கு முப்பரிமாண அச்சுப்பொறி வந்ததுதான். பிளாஸ்டிக் இழையை உருக்கி, படலத்தின் மேல் படலமாக அடுக்கி, கேட்ட பொருளைச் செய்து தரும் இயந்திரம். கேட்கத்தான் யாருக்கும் அனுமதி இல்லை.

மாணவர் கை பட்டால் எந்த இயந்திரமும் கெடும் என்பது எங்கள் துறைத் தலைவரின் ஆய்வு முடிவு. எனவே அதற்குக் கண்ணாடி அறை கட்டி, நீல உறை போட்டு, எறும்பு நுழையாதபடி கதவின் அடியில் ரப்பர் வைத்துப் பூட்டினார். சாவி அவர் சட்டைப்பையில். மாணவர்கள் வெளியே வரிசையில் நின்று பத்து நிமிடம் பார்ப்பார்கள். பிறகு படம் வரைவார்கள். இதற்குத் 'தொடா நிலைக் கல்வி' என்று பெயர். உறையின் மடிப்புகளை நிழலோடு வரைந்தால் இரண்டு மதிப்பெண் கூடுதல். ஆய்வக உதவியாளரான நான் அந்தப் படங்களைத் திருத்தினேன். மூன்று ஆண்டுகளில், மடிப்பு வரைவதில் எங்கள் மாணவர்களை மிஞ்ச ஆளில்லை.

இந்தப் பொற்காலத்தில்தான் 'ஸ்க்ரூ' என்று எல்லோரும் கூப்பிடும் இறுதியாண்டு மாணவி, அறையைப் பெருக்கத் திறந்திருந்த நேரம் பார்த்து உள்ளே போய், தன் புராஜெக்டுக்கு ஒரு பல்சக்கரம் அச்சிட்டுவிட்டாள். 'இயந்திரத்தை இயந்திரமாகப் பயன்படுத்திய' குற்றம். விசாரணை முடியும்வரை தேர்வு எழுதக் கூடாது என்றார்கள்.

மன்னிப்புக் கடிதத்தோடு அவள் வராந்தாவில் நின்ற அன்று, கல்லூரியின் தரத்தைப் பார்வையிடும் ஆய்வுக் குழு வந்தது. இரண்டு பேர். துறைத் தலைவர் இருவரையும் கண்ணாடி அறைக்குள் அழைத்துச் சென்றார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. திரும்பத் திறக்க இழுத்தார். கைப்பிடி உடைந்து கையோடு வந்தது. உள்பக்கம் சாவித்துளை கிடையாது.

"ஏம்மா, வெளியே இருந்து திற!" என்று வராந்தாவில் நின்ற என்னைப் பார்த்துக் கத்தினார்.

"வெளியே இருந்து சாவி போட்டாத்தான் திறக்கும். அது உங்க பையில சார்."

"கண்ணாடியை உடைச்சிடலாமே?" என்றார் குழுவின் மூத்தவர்.

"ஐயோ, மெஷின் மேல தெறிச்சிடும் சார்!" தலைவர் இரு கைகளையும் விரித்துக் குறுக்கே நின்றார்.

ஸ்க்ரூ என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "அக்கா, அது பிளாஸ்டிக் கைப்பிடிதானே? பக்கத்துல நிக்கிற மெஷினை இந்த மாதிரி சாமான் செய்யத்தானே வாங்கினாங்க?"

வெளிப்பக்கக் கைப்பிடியும் அதே மாதிரிதான். அதை அளந்தாள். மடிக்கணினியில் வரைந்தாள். பிறகு கண்ணாடியில் வாயை வைத்துக் கத்தினாள்.

"சார், உறையை எடுங்க!"

"எடுத்தே ஆகணுமா?"

"ஆமா சார். பிளக்கை மாட்டிட்டு, பின்னாடி இருக்கிற சுவிட்சைப் போடுங்க. மிச்சத்தை நான் இங்கேருந்தே அனுப்பிடுறேன்."

"பின்னாடின்னா எந்தப் பக்கம்?"

மூத்தவர் திரும்பினார். "நீங்கதானே இதுக்கு மூணு வருஷமா பாடம் எடுக்குறீங்க?"

"தியரி சார்."

இயந்திரம் முனகியது. மூத்தவர் கால் மாற்றி நின்றார். "எவ்வளவு நேரம்மா ஆகும்?"

"ரெண்டு மணி நேரம் சார்."

"எனக்கு அவ்வளவு நேரம் தாங்காதும்மா."

"அப்ப கைப்பிடியை உள்ளுக்குள்ள காலியா விட்டுடுறேன். ஒண்ணேகால்."

ஒன்றேகால் மணி நேரத்தில் கைப்பிடி பிறந்தது, கதவு திறந்தது. மூத்தவர் நன்றி சொல்லக்கூட நிற்காமல் வராந்தாவின் கோடியிலிருந்த கழிப்பறைக்கு ஓடினார்.

குழுவின் அறிக்கை எங்களைத் தலைநிமிர வைத்தது. "இத்துறையில் பேராசிரியர் இயந்திரத்தை இயக்குகிறார்; மாணவி வெளியே நின்று வழிநடத்துகிறார். இத்தகைய முற்போக்கான முறையை வேறெங்கும் கண்டதில்லை." விசாரணையும் முடிந்தது. இம்முறை தொடாமலே செய்ததால் மாணவி திருந்திவிட்டாள் எனக் கருதி, தேர்வு எழுத அனுமதித்தார்கள்.

செய்முறைத் தேர்வில் ஒரே கேள்வி: அச்சுப்பொறியின் படம் வரைக. ஸ்க்ரூ வரைந்ததுபோல் இதுவரை யாரும் வரைந்ததில்லை. உருக்கும் முனை, மோட்டார், தட்டு, இழை வரும் வழி, எல்லாம் அளவோடு இருந்தன. உறை மட்டும் இல்லை.

விடைக்குறிப்பின்படி பூஜ்யம் போட்டேன். விடைக்குறிப்பை எழுதியவளும் நான்தான்.